அருகலை தொலைதூரம் சென்ற கதை



சென்ற மாதம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருவிழாக் கூட்டம் முடிந்து, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த வேளையில் பெற்றோர் ஒருவர் என்னிடம் வந்தார். கோயில் அலுவலகக் கூரையின்மேல் நிற்கும் இரும்புக் குழாயைச் சுட்டிக்காட்டினார். அதன் உச்சியில் ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கிறது. மாணவர்கள் கொண்டுவரும் எழுதுகோல் பெட்டியைவிடச் சற்றுப் பெரியது; அவ்வளவுதான். "டீச்சர், அந்தப் பொட்டி இன்னும் வேல செய்யுதா? புள்ள படிக்க உக்காந்தா சுத்திக்கிட்டே இருக்கே!" என்று கேட்டார்.

வேலை செய்கிறது, ஆனால் தளர்ந்துவிட்டது என்று அப்போதைக்குச் சொல்லிவைத்தேன். ஏன் தளர்ந்தது என்று சொல்ல இரண்டு நிமிடம் போதவில்லை. அந்தப் பெட்டிக்குள் நாங்கள் நிரப்பிய ஏழெட்டுக் கட்டங்கள் இருக்கின்றன: பெயர், அலைத்தடம், தூரம், மறைச்சொல் என. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் ஆண்டும் ஒரு காரணமும் உண்டு. அவற்றுள் ஒன்றைப் பற்றிய மிக முக்கியமான ஆய்வு நம் முன்னோர் கப்பலேறி வந்த மதுரைச் சீமையிலேயே நடந்தது. அந்தப் பெற்றோருக்குச் சொல்ல வேண்டிய விடையை ஆசிரிய நண்பர்களும் படிக்கட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தோட்டம். நெகிரி செம்பிலானில் செய்திப் போக்குவரத்து யாருக்காக வந்தது என்பதைப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும். சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு 1891-ஆம் ஆண்டிலேயே இருப்புப்பாதை திறக்கப்பட்டது. சரக்கும் அஞ்சலும் அதில் சென்றன. பின்னர்த் தொலைபேசி வந்தபோது அது துரையின் பங்களாவுக்கும் கிராணியின் அலுவலகத்துக்கும் வந்தது, லயத்துக்கு வரவில்லை. லயத்தில் ஒரு சாவு என்றால் அலுவலகத்துக்கு ஓடித்தான் சொல்லியனுப்ப வேண்டும். தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்தியதால் பள்ளிகள் தோன்றின. இன்று நம் மாநிலத்தில் இருக்கும் 61 தமிழ்ப்பள்ளிகளில் பலவற்றின் பெயரில் 'லாடாங்' என்னும் சொல் ஒட்டிக்கொண்டிருப்பது அந்த வரலாற்றின் எச்சமே. லின்சம், சுவா பெத்தோங், பிராட்வால், கெடிஸ் என்று தோட்டங்களின் பெயரே பள்ளிகளின் பெயராயிற்று.

1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தின்போது புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் பொது வானொலிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. மாலையில் மக்கள் கூடி மலாயா வானொலியின் தமிழ் ஒலிபரப்பைக் கேட்டனர். அரசாங்கம் தன் செய்தி தோட்டத்தைச் சென்றடைய வேண்டும் என்று விரும்பியது. கேட்பதற்குப் பெட்டி வந்ததே தவிர, பேசுவதற்கு ஒன்றும் வரவில்லை. எந்த அலைவரிசை, எத்தனை மணி என்பதையெல்லாம் வேறு யாரோ முடிவு செய்தனர். இதை நான் குறையாக மட்டும் சொல்லவில்லை. அந்தப் பெட்டியில் கேட்ட தமிழைக் கொண்டாடியவர்கள் எங்கள் வீட்டிலும் இருந்தார்கள். எனினும் 'அமைப்பது' ஒருவர், 'கேட்பது' இன்னொருவர் என்னும் பழக்கம் அங்கே தொடங்கிற்று என்றே கருதுகிறேன்.

செம்புக் கம்பி தோட்டத்துக்குள் வராததற்குக் கணக்கு எளிது. நெடுஞ்சாலையிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் கம்பம் நட்டு இழுத்தால் கிடைக்கப்போவது முப்பது நாற்பது வீட்டுச் சந்தா. எந்த நிறுவனமும் தயங்கும். இதே சிக்கல் கடலால் பிரிக்கப்பட்ட ஹவாய்த் தீவுகளிலும் இருந்தது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் என்பவரின் குழு 1971-ஆம் ஆண்டில் 'அலோஹாநெட்' எனும் வலையமைப்பை இயக்கிற்று. தீவுகளில் இருந்த கல்வி வளாகங்களை வானொலி அலைகளால் மையக் கணினியோடு இணைத்தது அது. எல்லோரும் ஒரே அலைவரிசையில் பேச வேண்டும். இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டும் சிதையும். அதற்கு அவர்கள் கண்ட தீர்வு, நம் வகுப்பறையில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் ஒழுங்கைப் போன்றது. பேசிப் பார், பதில் வராவிட்டால் சற்றுப் பொறுத்து மீண்டும் பேசு. எவ்வளவு பொறுப்பது என்பதை ஒவ்வொருவரும் வெவ்வேறாக வைத்துக்கொண்டால் மீண்டும் மோத மாட்டார்கள். இன்று நம் கைப்பேசியின் கம்பியில்லா இணைப்பிலும் இந்தப் பொறுமைதான் அடிப்படை.

அடுத்த திருப்பம் 1985. அமெரிக்கத் தொடர்புத்துறை ஆணையம், நுண்ணலை அடுப்பு முதலிய கருவிகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்த அலைவரிசைகளை உரிமம் இல்லாமலேயே தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. யாரும் பெரிதாக மதிக்காத அலைவரிசை அது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அதில் ஒன்று. ஊருக்கு வெளியே புறம்போக்கு நிலத்தில் சந்தை கூடியதைப்போல் அங்கேதான் உலகம் கூடிற்று. 1997-இல் 802.11 எனும் பொதுத் தரம் வெளிவந்தது. 1999-இல் அதன் வேகமான வடிவம் வந்தது. அதே ஆண்டில் 'வைஃபை' எனும் வணிகப் பெயரும் சூட்டப்பட்டது. (அந்தப் பெயருக்கு விரிவு ஒன்றும் கிடையாது. அதன் விரிவு யாது என்று புதிர்ப்போட்டிகளில் கேட்கும் நண்பர்கள் கவனிக்க.) தமிழில் இதற்கு 'அருகலை' என்று அழகாகப் பெயரிட்டோம். அருகில் மட்டும் செல்லும் அலை. பெயர் பொருத்தமானதே. அந்தத் தரத்தை வகுத்தவர்கள் மனத்தில் இருந்தது ஓர் அலுவலகம், ஒரு வீடு, அதிகம் போனால் ஒரு வளாகம்.

நம் நாட்டில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது? மிமோஸ் நிறுவனம் 1987-இல் 'ராங்கோம்' எனும் ஆய்வு வலையமைப்பைத் தொடங்கி, அது 1992-இல் 'ஜாரிங்' ஆயிற்று. 1996-இல் மல்டிமீடியா சூப்பர் காரிடார் அறிவிக்கப்பட்டது. 1999-இல் விவேகப் பள்ளி முன்னோடித் திட்டம். 2001-இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடே நடந்தது. கணினித் தமிழுக்கு முத்து நெடுமாறன் போன்றோரால் மலேசியா முன்வரிசையில் நின்ற காலம் அது. ஆனால் எழுத்துரு தயாராக இருந்தும் தோட்டப்பள்ளியில் இணைப்பு இல்லை. பள்ளிகளுக்கான 'ஸ்கூல்நெட்' 2004 முதல் படிப்படியாக வந்தது. கம்பி எட்டாத பள்ளிகளுக்குத் துணைக்கோள் தட்டு. பின்னர் 2012 முதல் 'ஒன் பெஸ்தாரிநெட்'. ஏறத்தாழ 10,000 பள்ளிகளைக் கம்பியில்லா முறையில் இணைக்கும் பெருந்திட்டம் அது. தலைமைக் கணக்காய்வாளரின் 2013-ஆம் ஆண்டு அறிக்கை, அத்திட்டத்தின் மெய்நிகர் கற்றல் தளத்தை ஆசிரியரும் மாணவரும் பயன்படுத்துவது மிகக் குறைவாக இருப்பதைச் சுட்டிக்காட்டியது. 2019-இன் நடுவில் அத்திட்டம் முடிவுற்றது. இவற்றைப் பற்றி ஆசிரியர் அறைகளில் பேசாத பேச்சில்லை. நான் புதிதாகச் சேர்க்க ஒன்றுமில்லை. ஒன்றை மட்டும் சொல்வேன். இத்தனை திட்டங்களிலும் பள்ளிக்குப் பெட்டி வந்தது, ஒப்பந்தக்காரர் வந்தார், அமைப்புப் பக்கத்தின் மறைச்சொல் மட்டும் ஒருபோதும் பள்ளிக்கு வந்ததில்லை.

இனித் தேனிக்குப் போவோம்.

மதுரையில் 1976-ஆம் ஆண்டு டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை அறியாத தமிழர் குறைவு. அதன் தேனிக் கிளை 1985-இல் தொடங்கிற்று. சுற்றிலும் மலை; இடையிடையே சிற்றூர்கள். கண்ணில் புரை விழுந்த ஒரு மூதாட்டி பேருந்தேறித் தேனிக்கு வருவதற்கு ஒரு நாள் கூலி போகும். துணைக்கு வருபவருக்கும் போகும். ஆகவே வரவே மாட்டார். அவர் வராவிட்டால் மருத்துவர் அவரிடம் போக வேண்டும். ஆனால் ஊருக்கொரு கண் மருத்துவர் எங்கே கிடைப்பார்? போடிநாயக்கனூர், சின்னமனூர் போன்ற ஊர்களில் சிறிய கண் பார்வை மையங்களைத் திறந்து, பயிற்சி பெற்ற உதவியாளரை அங்கே அமர்த்தி, தேனியில் இருக்கும் மருத்துவர் திரையில் நோயாளியைப் பார்த்துப் பேசுவது என்று முடிவு செய்தார்கள்.

திரையில் பார்ப்பதற்கு இணைப்பு வேண்டுமே! மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதியில் சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்கிய கம்பியில்லாத் தொலைபேசித் தொழில்நுட்பத்தின் வழியே 2001-இலேயே கிராம இணைய நிலையங்கள் வந்திருந்தன. அதன் வேகம் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். கடிதம் அனுப்பலாம், முகம் பார்த்துப் பேச இயலாது. இந்நிலையில்தான் 2000-களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் பெர்க்லி கலிபோர்னியப் பல்கலைக்கழகத்திலிருந்து எரிக் புரூவரின் ஆய்வுக்குழு அரவிந்துடன் கைகோத்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது விலையுயர்ந்த தொலைத்தொடர்புக் கருவியன்று. கடையில் கிடைக்கும் அருகலைச் சில்லுதான். அதை ஒரு சிறு கணினிப் பலகையில் பொருத்தி, ஒரே திசையில் நோக்கும் அலைவாங்கியோடு உயரமான இடத்தில் ஏற்றினார்கள்.

முதல் தடை எங்கே என்றால், பெட்டியின் பொறுமையில். ஓர் உவமை சொல்கிறேன். நீங்கள் ஒரு மாணவனிடம் கடிதம் கொடுத்து அலுவலகத்துக்கு அனுப்புகிறீர்கள்; கையொப்பம் வாங்கிக்கொண்டு ஐந்து நிமிடத்தில் திரும்ப வேண்டும் என்பது வழக்கம். ஐந்து நிமிடத்தில் வராவிட்டால் கடிதம் தொலைந்தது என்று எண்ணி இன்னொரு மாணவனிடம் அதே கடிதத்தைக் கொடுத்து அனுப்புவீர்கள். அலுவலகம் பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும்வரை இந்த ஏற்பாடு சரி. அலுவலகத்தை ஆற்றின் அக்கரைக்கு மாற்றிவிட்டால்? முதல் மாணவன் நல்லபடியாகக் கையொப்பம் வாங்கித் திரும்பிக்கொண்டிருப்பான். நீங்களோ இரண்டாமவனை, மூன்றாமவனை அனுப்பிக்கொண்டே இருப்பீர்கள். வழியில் எல்லோரும் முட்டிக்கொள்வார்கள். அருகலைக் கருவி தான் அனுப்பும் ஒவ்வொரு பொதிக்கும் 'கிடைத்தது' என்ற ஒப்புகையை எதிர்பார்க்கிறது. அலை ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3.3 மைக்ரோவினாடி ஆகும். பத்துக் கிலோமீட்டர் போய்த் திரும்ப 67 மைக்ரோவினாடி. நமக்கு அது ஒன்றுமேயில்லை. கண்ணிமைக்கும் நேரத்தில் ஆயிரம் முறைக்கு மேல் போய்வரலாம். கருவிக்கோ அது தாங்க முடியாத காத்திருப்பு. அலை அழிந்துபோகவில்லை, கருவிதான் நம்பிக்கை இழந்துவிடுகிறது.

ஆகவே அவர்கள் காத்திருக்கும் நேரத்தை நீட்டினார்கள். அது மட்டும் போதவில்லை. ஒவ்வொரு பொதிக்கும் தனித்தனி ஒப்புகை கேட்பதை விட்டுவிட்டுக் கட்டுக்கட்டாகக் கேட்குமாறு மாற்றினார்கள். இரு முனைகளும் ஒரே நேரத்தில் பேசாமல், முறைவைத்துப் பேசுமாறு செய்தார்கள். 2007-இல் வெளியான அவர்களின் ஆய்வுக் கட்டுரை, வழக்கமான அருகலையைவிட இரண்டு முதல் ஐந்து மடங்கு தரவு கடந்ததாகக் கூறுகிறது. அதே 2007-இல் வெனிசுவேலாவில் எர்மானோ பியத்ரோசெமோலி என்பவர் இரு மலைமுகடுகளுக்கிடையே 382 கிலோமீட்டர் தூரத்தை அருகலையால் இணைத்துக்காட்டினார். அந்தச் சாதனைதான் செய்தித்தாள்களில் வந்தது. எனக்கோ தேனியின் பதினைந்து கிலோமீட்டருக்குட்பட்ட சிறு இணைப்புகளே பெரிதாகத் தெரிகின்றன. 382 கிலோமீட்டர் ஒரு சோதனை. தேனியில் தினமும் காலையில் நோயாளி வந்து அமர்ந்தார்.

அக்குழு 2008-இல் வெளியிட்ட மற்றொரு கட்டுரை ஆசிரியர்கள் அவசியம் அறிய வேண்டியது. முன்னோடித் திட்டம் முடிந்தபின் இத்தகைய இணைப்புகளை உயிரோடு வைத்திருப்பது எப்படி என்பதே அதன் பொருள். அலை சார்ந்த சிக்கல்களை அவர்கள் தீர்த்துவிட்டார்கள். ஆனால் பெட்டிகள் மீண்டும் மீண்டும் செத்தன. காரணம் மின்சாரம். கிராமத்து மின்னழுத்தம் திடீரென எகிறும், திடீரெனச் சரியும், கருவி பாதி இயங்கிப் பாதி நிற்கும், உள்ளே நினைவகம் கெடும். அடுத்த காரணம் ஆள். ஏதேனும் நின்றால் எது நின்றது என்று சொல்ல அங்கே ஒருவருமில்லை. அமெரிக்காவிலிருந்து ஒருவர் பார்த்துச் சொல்வதென்றால், அவர் பார்ப்பதற்கும் இதே இணைப்புத்தான் வேண்டும்! காலப்போக்கில் மருத்துவமனை ஊழியர்களே பயிற்சி பெற்று, தாங்களே கோபுரம் ஏறி, தாங்களே அமைத்து, தாங்களே பழுதுபார்க்கத் தொடங்கியபோதுதான் வலையமைப்பு நிலைபெற்றது. மறைச்சொல் உள்ளூர்க்காரரின் கைக்கு வந்தது என்று இதை நான் எனக்குள் சொல்லிக்கொள்வேன்.

இந்தக் கட்டுரைகளை நான் படித்தது 2020-இல். ஏன் என்று பெற்றோருக்குத் தெரியும். அவ்வாண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிற்று, பள்ளிகள் மூடப்பட்டன, பாடம் வீட்டுக்குப் போயிற்று. சபாவில் ஒரு மாணவி தேர்வெழுத மரத்தின்மேல் ஏறி இரவைக் கழித்தது நாடறிந்த செய்தி. எங்கள் லயம் இருப்பது ஒரு பள்ளத்தாக்கில். நான் அனுப்பும் பாடக்குறிப்பைப் பார்க்கத் தந்தையர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போவார்கள். வேலை முடிந்து வந்த களைப்போடு அங்கேயே நின்று, இறங்கும்வரை காத்திருந்து, வீட்டுக்கு வந்து பிள்ளையிடம் காட்டுவார்கள். நான்காம் ஆண்டில் இருந்த பிள்ளைகளுள் சிலர் மூன்று வாரம் ஒரு சொல்லும் அனுப்பவில்லை.

சாலையோரத்தில் இருக்கும் கோயில் அலுவலகத்துக்கு இணைய இணைப்பு இருந்தது. லயத்தின் நடுவில் பழைய ஆயாக்கொட்டகை இருந்தது. இடையில் 1.2 கிலோமீட்டர் செம்பனை. கோயில் நிர்வாகம் ஒப்புக்கொண்டது. முன்னாள் மாணவர் சிலர் பணம் திரட்டினர். கட்டுப்பாடு சற்றுத் தளர்ந்ததும் இரண்டு பெட்டிகள் வாங்கினோம். இத்தகைய வெளிப்புறக் கருவிகள் 2000-களின் பிற்பகுதியிலிருந்தே மலிவாகக் கிடைக்கின்றன. எங்கள் ஊரில் ஒளிபெருக்கி கட்டும் தம்பி ஒருவர்தான் கம்பம் நிறுத்தினார். அமைக்கும் பொறுப்பு எனக்கு. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் எனக்கு இதையெல்லாம் கற்பிக்கவில்லை என்று சொல்லவும் வேண்டுமோ?

மடிக்கணினியைக் கம்பியால் பெட்டியோடு இணைத்து, மடிக்கணினிக்கும் அதே தொடரில் ஓர் எண் கொடுத்து, உலாவியில் பெட்டியின் எண்முகவரியைத் தட்டினால் அமைப்புப் பக்கம் திறக்கும். முதலில் கேட்டது நாடு. மலேசியா என்று தேர்ந்தெடுத்தோம். மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் உரிமமின்றிப் பயன்படுத்த அனுமதிக்கும் அலைவரிசைகளும் ஆற்றல் அளவும் அதிலிருந்து தாமாகவே வரும். வேறு நாட்டைத் தேர்ந்தெடுத்தால் ஆற்றல் கூடும் என்று யாரோ சொன்னார்கள். கூடலாம், ஆனால் அது சட்டமீறல். மேலும் நாம் கத்தினால் எதிர்முனை மெதுவாகப் பேசுவது நமக்குக் கேட்டுவிடுமா என்ன?

அடுத்தது பணி. ஒரு பெட்டி அழைக்கும் முனை. மற்றது சேரும் முனை. கோயில் பெட்டியை முதலாவதாகவும் கொட்டகைப் பெட்டியை இரண்டாவதாகவும் வைத்தோம். அலைத்தடம் தேர்ந்தெடுப்பதில் சற்று நேரம் செலவிட்டோம். 2.4-இல் 13 தடங்கள் எண்ணிக்கையில் இருந்தாலும் ஒன்றன்மேல் ஒன்று படியாதவை 1, 6, 11 ஆகிய மூன்றே. சாலையோரக் கடைகளின் கருவிகள் மூன்றையும் நிரப்பியிருந்தன. ஆகையால் நாங்கள் வாங்கியது 5.8 கிகாஹெர்ட்ஸ் கருவி. தடத்தின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் என்று குறுக்கி வைத்தோம். அகலம் கூடினால் வேகம் கூடும், இரைச்சலும் கூடவே வரும். தூரம் எனும் கட்டத்தில் 1.2-ஐவிடச் சற்றுக் கூட்டி 1.5 என்று எழுதியபோது தேனியை நினைத்துக்கொண்டேன். அங்கே ஆண்டுக்கணக்கில் உழைத்த சிக்கல், இங்கே எனக்கு ஒரு கட்டத்தில் ஓர் எண்.

மறைச்சொல் விஷயத்திலும் ஒரு வரலாறு உண்டு. 1997-இல் தரத்தோடு வந்த முதல் பூட்டு 2001-இலேயே உடைக்கப்பட்டது. 2004-இல் வந்த இரண்டாம் தலைமுறைப் பூட்டைத்தான் நாங்கள் போட்டோம். அதைவிட முக்கியம், அமைப்புப் பக்கத்தின் மறைச்சொல். தொழிற்சாலையிலிருந்து எல்லாப் பெட்டிகளும் ஒரே பெயர், ஒரே மறைச்சொல்லோடு வரும். மாற்றாமல் விட்டால் ஊர்ப் பொதுச் சாவி போலத்தான். மென்பொருளையும் புதுப்பிக்க வேண்டும். 2016 மே மாதத்தில் இத்தகைய வெளிப்புறக் கருவிகளைத் தாக்கிய ஒரு கணினிப்புழு பல நாடுகளில் பரவியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் மென்பொருள் முந்தைய ஆண்டே வந்துவிட்டிருந்தது. புதுப்பிக்காதவர்களே மாட்டிக்கொண்டார்கள்.

எல்லாம் முடித்துக் கம்பத்தில் ஏற்றினோம். இணையவில்லை. திசையைத் திருப்பிப் பார்த்தோம், கம்பியை மாற்றினோம், பெட்டி பழுது என்று கடைக்காரரைக் கூட நொந்துகொண்டோம். இரண்டு நாள் வீணாயிற்று. மூன்றாம் நாள் காலையில் இரு முனைகளின் அமைப்புப் பக்கங்களையும் காகிதத்தில் எழுதி அருகருகே வைத்துப் பார்த்தபோது கண்டேன்: வலையமைப்பின் பெயரில் ஓர் ஆங்கில எழுத்து, ஒரு முனையில் பெரிய எழுத்து, மறுமுனையில் சிறிய எழுத்து. தட்டியது நான்தான். மாணவர்களின் எழுத்துப்பிழைக்குச் சிவப்பு மையில் வட்டமிடும் கை. திருத்தியதும் அரை நிமிடத்தில் இணைந்தது. அன்று மாலை கொட்டகைத் திண்ணையில் இடைவெளி விட்டு அமர்ந்திருந்த ஆறு பிள்ளைகளின் முகத்தைத் திரையில் பார்த்தேன். சமிக்ஞை அளவு கழித்தல் 58. எண் சிறிதானால் நல்லது. கழித்தல் 80-ஐ நெருங்கினால் இணைப்பு ஊசலாடும்.

இப்போது அந்தப் பெற்றோரின் கேள்விக்கு வருகிறேன். ஏன் சுற்றிக்கொண்டே இருக்கிறது?

இரு முனைகளும் ஒன்றையொன்று 'பார்த்தால்' போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நூல் பிடித்தாற்போல் ஒரு கோடு மட்டும் போதாது. அலை, நடுவில் பருத்து இரு நுனியிலும் குறுகிய ஒரு சுரைக்காய்போல் இடத்தை அடைத்துக்கொண்டு செல்கிறது. பிரான்சு நாட்டு இயற்பியலாளர் பிரெனலின் பெயரால் அந்த வெளி அழைக்கப்படுகிறது. 1.2 கிலோமீட்டருக்கு 5.8 கிகாஹெர்ட்ஸில் அதன் நடுப்பகுதியின் ஆரம் ஏறத்தாழ 4 மீட்டர். அதில் அறுபது விழுக்காடாவது தடையின்றி இருக்க வேண்டும். அதாவது, நூல்கோட்டுக்குக் கீழே 2.4 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். எங்கள் கம்பங்களின் உயரம் 12 மீட்டர். இடையில் இருக்கும் செம்பனை 2011-இல் மறுநடவு செய்தது. 2020-இல் அதன் மட்டைநுனி ஏறத்தாழ எட்டரை மீட்டரில் இருந்தது, இடைவெளி தாராளம்.

செம்பனை நிற்கும் மரமன்று. ஆண்டுக்கு 40 முதல் 75 சென்டிமீட்டர் வரை உயரும். ஏறத்தாழ 25 ஆண்டு வரை உயர்ந்துகொண்டே இருக்கும். பால்மரக் காட்டுக்குப் பதிலாகச் செம்பனை வந்தபோது வேலையும் கூலியும் குடும்பங்களின் எண்ணிக்கையும் எப்படி மாறின என்று நாம் பலமுறை பேசியிருக்கிறோம். வானொலி அலைக்கும் அது மாற்றம்தான். மட்டைகள் நீர் நிறைந்தவை. மழைக்குப்பின் நனைந்து தொங்கும்போது அலையை விழுங்கிவிடும். சென்ற வாரம் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். வெயிலில் கழித்தல் 71. மழை பெய்து ஓய்ந்த மாலையில் கழித்தல் 78. பெட்டியிலும் அமைப்பிலும் ஒரு குறையுமில்லை. மரம் வளர்ந்துவிட்டது.

இழைக் கம்பி வரும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2020-இல் அறிவிக்கப்பட்ட 'ஜெண்டேலா' திட்டத்தால் பல ஊர்களுக்கு வந்தும் இருக்கிறது. 2021 இறுதியில் 3ஜி சேவை நிறுத்தப்பட்டு 4ஜி விரிவானதில் மேட்டுப்பகுதி வீடுகளுக்கு நன்மை கிடைத்தது. பள்ளத்துக்கு இன்னும் அரைகுறையே. ஆகவே கம்பத்தை உயர்த்த வேண்டும். 15 மீட்டராக்கினால் ஐந்தாறு ஆண்டு தாங்கும் என்பது எங்கள் கணக்கு. அதற்குமேல் காற்றுக்குத் தாங்கு கம்பிகள் கூடுதலாக வேண்டும். இடிதாங்கியும் மாற்ற வேண்டும். நெகிரியில் மழைக்காலத்து இடியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏற்கெனவே ஒரு பெட்டி அதற்குப் பலியானது.

அமைப்புகள் அனைத்தையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: நாடு, பணி, பெயர், தடம், அகலம், தூரம், திசை, ஒவ்வொரு மாதத்துச் சமிக்ஞை அளவு. மறைச்சொல்லைத் தனித்தாளில் எழுதி மடித்துக் கோயில் அலுவலக அலமாரியில் வைத்துள்ளோம். நோட்டு இப்போது என்னிடம் இல்லை. அன்று நான்காம் ஆண்டில் இருந்து, மூன்று வாரம் ஒரு சொல்லும் அனுப்பாதிருந்த மாணவனிடம் இருக்கிறது. இடைநிலைப்பள்ளியில் படிக்கிறான். கம்பத்தை உயர்த்தும் நாளில் மேலே ஏறப்போவது ஒளிபெருக்கித் தம்பி. கீழே மடிக்கணினியில் எண்ணைப் பார்த்து, இடப்பக்கம், வலப்பக்கம் என்று சொல்லப்போவது அவன். பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை, காலை எட்டு மணி. ஏணி பிடிக்க நான்கு பேர் வேண்டும். வர இயலும் பெற்றோர் கோயில் அலுவலகத்தில் பெயர் கொடுக்கவும்.